குண்டசாலை அரண்மனை முதல் தோட்டத்து லயம்வரை: வரலாற்று இல்லங்களைப் பார்வையிடல் பற்றிய சில சிந்தனைகள்

வரலாற்றுச் சிறப்புடைய இல்லமொன்றைப் பார்வையிடச் செல்வோர் பெரும்பாலும் ஒரே ஒழுங்கிலேயே அதனைக் காண்கின்றனர். வாயிலைக் கடந்து, நிழல்மரங்கள் வரிசையாக நிற்கும் பாதைவழியே சென்று, புற்றரையையும் பூஞ்செடிகளையும் நோக்கி வியந்து, முன்கூடத்திலுள்ள ஓவியங்களையும் தளபாடங்களையும் கண்டு, ஈற்றில் தேநீர்ச்சாலையில் அமர்ந்து களைப்பாறித் திரும்புகின்றனர். இவ்வொழுங்கு தற்செயலாக அமைந்ததன்று. அவ்வில்லத்தின் உரிமையாளர் தம் விருந்தினருக்கென வகுத்த வழி அது. விருந்தினர் காணவேண்டியவை யாவும் அவ்வழியில் உள்ளன. அவர் காணலாகாதவை அதற்குப் புறத்தே உள்ளன. சமையற்கட்டு, வேலையாட்களின் வாயில், தண்ணீர் சுமந்த பாதை, தோட்டத்தைத் திருத்தியவர் உறங்கிய இடம் என்பன அப்புறத்தைச் சேர்ந்தவை. இல்லத்தின் உரிமையாளர் மறைந்து ஒரு நூற்றாண்டு சென்ற பின்னும் பார்வையாளர் அவருடைய விருந்தினராகவே நடத்தப்படுகின்றனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

வரலாற்று மாணவன் எந்த வாயிலால் நுழைதல் வேண்டும் என்னும் வினாவைக் கண்டியையும் அதன் சுற்றுப்புறங்களையும் ஆதாரமாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. குண்டசாலையில் அமைந்திருந்த அரண்மனை, பேராதனைப் பூந்தோட்டம், ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை, கம்பளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து லயம் ஆகிய நான்கும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றுள் முதலாவது அழிந்துபோனது. ஏனைய மூன்றும் இன்று பார்வையாளரை வரவேற்பவை. நான்கையும் ஒருசேர வைத்து நோக்கும்போதே மலைநாட்டு வரலாற்றில் எவை நினைவாகப் பேணப்பட்டன, எவை கைவிடப்பட்டன என்பது புலனாகும்.

குண்டசாலை அரண்மனை

கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்தோடும் தும்பறைப் பள்ளத்தாக்கில் குண்டசாலை அமைந்துள்ளது. கண்டியரசை 1707 முதல் 1739 வரை ஆண்ட ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் இங்கு அரண்மனையமைத்து வாழ்ந்தான். தலைநகரிலும் பார்க்க இவ்விடத்தையே அவன் பெரிதும் விரும்பியமையால் 'குண்டசாலை அரசன்' என்னும் பெயர் அவனுக்கு வழங்கலாயிற்று. ஓர் அரசன் தன் குலத்தாலோ வெற்றியாலோ அன்றித் தான் வாழ்ந்த வீட்டினால் மக்கள் நாவில் பெயர்பெற்றமை அரிதான செய்தியாகும்.

அவனுடைய ஆட்சிக்காலம் பல்வேறு பண்பாட்டு நெறிகள் சந்தித்த காலம். கண்டியில் தலதா மாளிகையை இரு மாடிகளைக் கொண்டதாகக் கட்டுவித்தவன் அவனே. பிற்காலத்தில் பௌத்த மறுமலர்ச்சிக்குத் தலைமை தாங்கிய வெலிவிட்ட சரணங்கரர் அவன் ஆட்சியிலே ஆதரவு பெற்றார். அதே அரசனின் அவையில், கோவையிலிருந்து வந்த கத்தோலிக்க குருவாகிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் மதிப்புப் பெற்றிருந்தார். இக்கோவை தமிழகத்துக் கோயம்புத்தூரன்று. போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த கோவாவேயாகும். 1705இல் இலங்கைக்கு வந்த அவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றியவர். ஈழத்துத் தமிழ் உரைநடை வரலாற்றை ஆராய்வோர் அவரைப் புறக்கணித்தல் இயலாது.

தமிழ் வரலாற்று மாணவனுக்குக் குண்டசாலை இன்னொரு காரணத்தாலும் முக்கியமாகின்றது. நரேந்திரசிங்கன் மதுரையிலிருந்து அரசியரை மணமுடித்தான். அவர்களோடு உறவினரும் பரிவாரத்தினரும் கண்டிக்கு வந்து தங்கினர். கண்டி நகரில் நாயக்க உறவினர் குடியிருந்த வீதி மலபார் வீதி எனப் பெயர்பெற்றது. 1739இல் அரசன் இறந்தபோது பட்டத்துக்குரிய மகன் இருக்கவில்லை. சிங்களப் பிரபு குலப் பெண்ணொருத்தியிடம் அவனுக்குப் பிறந்த உனம்புவே பண்டாரவின் உரிமை ஏற்கப்படாது, அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராசசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். கண்டியில் நாயக்கர் ஆட்சி இவ்வாறு தொடங்கிற்று. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், இராசாதிராசசிங்கன், ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் ஆகியோர் தொடர்ந்து ஆண்டனர். இறுதி மன்னன் 1815இல் சிறைப்பிடிக்கப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். ஆகவே, குண்டசாலை வீட்டில் வாழ்ந்த அரசனின் திருமண உறவிலிருந்து புறப்பட்ட வரலாற்றுக்கோடு வேலூர்க் கோட்டையில் முடிவுற்றது எனலாம்.

குண்டசாலை அரண்மனையோ அம்மன்னனுக்கு முன்னரே அழிந்துவிட்டது. 1803இல் மூண்ட முதலாவது ஆங்கில-கண்டிப் போரின்போது பிரித்தானியப் படையினர் அதனைத் தீக்கிரையாக்கினர். அரசன் ஒதுங்கக்கூடிய மாளிகைகளை எரித்தல் அப்போரின் தந்திரங்களுள் ஒன்றாக இருந்தது. அங்குராங்கெத்தை அரண்மனைக்கும் அதே கதி நேர்ந்தது. இன்று குண்டசாலைக்குச் செல்வோர் விவசாயப் பாடசாலையையும், வளர்ந்துவரும் குடியிருப்புக்களையும், திகனை, தெல்தெனியா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையையும் காண்பர். சுற்றிப்பார்ப்பதற்கு அரண்மனை இல்லை. வீடு அழிந்தது, அதன் பெயர்மட்டும் அரசனொருவனின் அடைமொழியாக எஞ்சியுள்ளது.

இவ்விடத்து ஒன்றை மறத்தலாகாது. அரண்மனை நின்றிருப்பினும் அதனைக் கட்டியோரின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருக்கமாட்டாது. கண்டியரசில் நிலத்தை அனுபவித்தோர் அதற்கு ஈடாகச் செய்யவேண்டிய இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாலேயே கோட்டைகளும் குளங்களும் மாளிகைகளும் எழுந்தன. கல் சுமந்தவனும் மரம் இழைத்தவனும் ஓடு வேய்ந்தவனும் தத்தம் கடமையைச் செய்து ஊர் திரும்பினர். பெருவீடுகள் யாவற்றுக்கும் இத்தகைய பின்புறம் ஒன்று உண்டு. அது மன்னராட்சிக்கோ குடியேற்ற ஆட்சிக்கோ மட்டும் உரியதன்று.

அரச தோட்டம் பூந்தோட்டமானமை

மகாவலி கங்கை கண்டிக்கு மேற்கே இன்னொரு வளைவை இடுகின்றது. அவ்வளைவினுள் பேராதனைப் பூந்தோட்டம் அமைந்துள்ளது. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் இது அரசருக்குரிய உல்லாசத் தோட்டமாக விளங்கிற்று. இராசாதிராசசிங்கன் இங்கு தங்குமிடம் ஒன்றையும் கொண்டிருந்தான். ஆகவே குண்டசாலையும் பேராதனையும் ஒரே ஆற்றின் கரையில், ஒரே அரச மரபினர் அனுபவித்த இரு இடங்களாகும். முன்னையது எரிந்தது, பின்னையது உருமாறித் தொடர்ந்தது.

1821இல் அலெக்சாந்தர் மூன் என்பவரின் மேற்பார்வையில் பேராதனை தாவரவியற் பூங்காவாக்கப்பட்டது. அக்காலத்தில் பூங்கா என்பது பொழுதுபோக்கிடம் மாத்திரமன்று. எந்தப் பயிரை எங்கு நட்டால் பேரரசுக்கு வருவாய் பெருகும் என்பதைச் சோதித்தறியும் களமாகவும் அது விளங்கிற்று. கல்கத்தாவிலிருந்து அசாம் தேயிலை விதைகள் 1839இல் பேராதனையை வந்தடைந்தன. அவ்வேளை மலைநாடெங்கும் கோப்பியே ஆட்சி செலுத்தியது. தும்பறையிலும் அவ்வாறே. 1837இல் இலங்கைக்கு வந்தவரும், மேற்கிந்தியத் தீவுகளில் கையாளப்பட்ட கோப்பிச் செய்கை முறையை இங்கு பரப்பியவருமாகிய ரொபேட் போய்ட் டைட்லரின் பெயர் அப்பள்ளத்தாக்கிலுள்ள இராஜவெல்லைத் தோட்டத்தோடு இணைத்துப் பேசப்படுகின்றது. கண்டியரசர் வாழ்ந்த குண்டசாலையின் சுற்றுப்புறம் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் தோட்டத் துரைமாரின் நிலமாயிற்று.

1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் துருநோய் தோன்றிப் பதினைந்து இருபது ஆண்டுகளில் அப்பயிரை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தர் தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். கோப்பி விட்டுச்சென்ற மலைகளைத் தேயிலை நிரப்பிற்று. இன்று பேராதனைப் பூந்தோட்டத்தைச் சுற்றி வந்து தேநீர் அருந்துகின்ற பார்வையாளர், தம் கையிலுள்ள கிண்ணத்தின் வரலாறு அதே மண்ணில் தொடக்கம் பெற்றதை அறிவாராயின், அத்தேநீர் வேறொரு சுவை தரும்.

ஹந்தானையின் மேன்மாடி

கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சாரலில் 1925இல் கட்டப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையொன்று உண்டு. நெடுங்காலம் இயங்கிப் பின் கைவிடப்பட்டுக் கிடந்த அக்கட்டடம் 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பல தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய இயந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லரோடு தொடர்புடைய பொருட்கள், நூல்கள் முதலியன அங்கே வைக்கப்பட்டுள்ளன. உச்சி மாடி தேநீர்ச்சாலையாகும். அங்கிருந்து நோக்கினால் கண்டியைச் சூழ்ந்த மலைகள் கண்ணுக்கு விருந்தாகும்.

இக்கட்டடத்தைக் காண்போர் அதன் எண்ணற்ற சாளரங்களை உற்றுநோக்குதல் நன்று. அவை அழகுக்காக அமைந்தவையல்ல. தேயிலைத் தொழிற்சாலைகளின் மேன்மாடிகள் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்கென அமைக்கப்பட்டவை. காற்று தாராளமாக உட்புகுந்து ஈரத்தை உறிஞ்சினாலன்றிக் கொழுந்து உருட்டுவதற்குப் பதமாகாது. வாடிய கொழுந்து கீழ்த்தளத்திற்கு இறங்கி, உருட்டப்பட்டு, நொதிக்கவிடப்பட்டு, உலர்த்தப்பட்டு, சலித்துத் தரம்பிரிக்கப்படும். ஒரு கிலோ தேயிலையைப் பெறுவதற்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கிண்ணத் தேநீருக்கு இரண்டு கிராம் தேயிலை எனக்கொண்டால், அதன்பின் ஒன்பது கிராம் கொழுந்து நிற்கின்றது. அவ்வொன்பது கிராமும் ஒரு பெண்ணின் விரல்களால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப்பட்டு, முதுகிலுள்ள கூடைக்குள் இடப்பட்டதாகும். இத்தகைய மேன்மாடியில் அமர்ந்து தேநீர் அருந்துவோர், முன்னர் கூடை கூடையாகக் கொழுந்து வந்து சேர்ந்த இடத்திலேயே அமர்ந்துள்ளனர்.

இயந்திரங்களைக் காட்சிக்கு வைப்பது எளிது. அவற்றிற்குச் செய்த ஆண்டும் செய்த நிறுவனத்தின் பெயரும் உண்டு. கொழுந்தெடுத்த கையைக் காட்சிக்கு வைப்பது எங்ஙனம்? ஹந்தானை எழுப்பும் வினா இதுவே. துரைமார் வாழ்ந்த பங்களாக்களிலும் இதே நிலையைக் காணலாம். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் நிறைவேற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகி, 1992 முதல் அவற்றின் முகாமை தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், மலையகத்தின் பல பாகங்களிலும் பழைய பங்களாக்கள் விருந்தினர் இல்லங்களாக மாறியுள்ளன. ரோசாப் பாத்திகளும் வெட்டிச் சீராக்கிய புற்றரையும் மாலைத் தேநீரும் அங்கே மீண்டும் உயிர்பெற்றுள்ளன. பங்களா குன்றின் மேற்புறத்தில் நிற்கும்; அதன் முன்றிலிலிருந்து நோக்கினால் தொழிற்சாலையும் மலைகளும் தெரியும். லயங்கள் பெரும்பாலும் தாழ்வான இடங்களில், மரங்களின் மறைவில் இருக்கும். யார் யாரைக் கண்காணித்தல் வேண்டும், எது எதன் கண்ணிற் படலாகாது என்பனவற்றை நிலத்தின் அமைப்பே உணர்த்துகின்றது.

வீட்டுச் சொற்கள் தரும் சான்று

கல்லும் மரமும் அழிந்தவிடத்துச் சொல் சான்றாக நிற்கும். மலையகத்து வீடுகளைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து நோக்கின், இந்நாட்டு வரலாற்றின் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். சமையற்கட்டைக் குறிக்கும் 'குசினி' என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. அறையைக் குறிக்கும் 'காம்பரா'வும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே. லயத்தின் முன்னுள்ள ஒடுங்கிய தாழ்வாரத்தைத் தோட்ட மக்கள் 'இஸ்தோப்பு' என்பர். அது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். 'பங்களா' வங்காளத்து வீட்டின் பெயர். ஆங்கிலேயர் ஆட்சி அதனை இந்தியா முழுவதும் பரப்பி இலங்கைக்கும் கொணர்ந்தது. 'லயம்' அல்லது 'லயன்' என்பது வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே. தொழிலாளரின் வீட்டுக்கு வீடு என்னும் பெயரும் கொடுக்கப்படவில்லை. அறைகளின் வரிசை என்னும் பெயரே கொடுக்கப்பட்டது.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆட்சியின் எச்சம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தையே ஆண்டனர். அவர்தம் சொற்களோ மலைநாட்டுக் காம்பராவிற்குள்ளும் புகுந்தன. 'தேயிலை' என்னும் சொல்லையும் இங்கு சேர்த்து எண்ணலாம். அதன் முதற்பகுதி சீனத்துத் தென்கரையில் வழங்கிய பெயர். பிற்பகுதி தூய தமிழ். உலகின் வேறொரு மூலையில் பிறந்த செடிக்குத் தமிழன் தன் சொல்லையும் ஒட்டவைத்துக்கொண்டான். செடியை நட்டு வளர்த்தவனுக்கு அவ்வளவு உரிமையாயினும் வேண்டுமன்றோ!

லயமும் வரலாற்று இல்லமே

கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீக்கொக் எனப்படும் தேயிலைத் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று இயங்கி வருகின்றது. அது அமைந்திருப்பது பங்களாவிலன்று. பழைய லய அறைகளிலேயாகும். தொழிலாளர் புழங்கிய வீட்டுப் பாத்திரங்கள், தொழிற் கருவிகள், அணிகலன்கள், ஆவணங்கள் முதலியன அங்கே சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர் அங்கே எவருடைய விருந்தினராகவும் நுழைவதில்லை. குனிந்து உட்செல்லும்போதே அவ்வறையின் அளவு அவருக்கு முதற்பாடமாகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது லய அறையின் பொதுவான அளவு. அதனுள் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வளர்த்தது.

அவ்வறைகளுக்கு வந்தோரின் வழியையும் மனங்கொள்ளுதல் வேண்டும். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதும் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மக்கள் கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை மாய்த்தன. கங்காணியிடம் பெற்ற முற்பணம் கடனாகத் தொடர்ந்தது. அவ்வருகையின் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் கால்நடையாகச் சென்றமை அண்மைக்கால நிகழ்ச்சியாகும். மதுரையிலிருந்து அரசியர் வந்ததற்கும் தென்தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்ததற்கும் இடையே நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே உண்டு. அரசியரின் வருகையை வரலாற்று நூல்கள் ஆண்டுடன் குறித்துள்ளன. தொழிலாளருள் பெரும்பாலோரின் பெயர்களை எந்நூலும் குறிக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசியது. அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனவும், எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் எனவும் வகுத்தது. எஞ்சியோரை இரு நாடுகளும் 1974இல் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. இலங்கையில் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இவ்வரலாற்றில் வீட்டின் பங்கு சிறிதன்று. இந்நாட்டில் தலைமுறையாக வாழ்ந்ததை நிறுவுமாறு கேட்கப்பட்டோரிடம் காணியுறுதி இல்லை. தனி முகவரியும் இல்லை. அவர்தம் கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்தன. பங்களாவுக்குப் பெயர் உண்டு. லயத்துக்கு இலக்கமே உண்டு. குண்டசாலையில் வீடு அழிந்து பெயர் நிலைத்தது. லயத்திலோ வீடு நிலைத்து, அதில் வாழ்ந்தோர் பெயர் அழிந்தது.

சட்டம் வகுத்த எல்லை

நினைவுச்சின்னம் எனப்படுவது யாது என்பதற்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் ஓர் எல்லை வகுத்துள்ளது. 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாளுக்கு முந்திய கட்டடங்களே அதன்படி பண்டைய நினைவுச்சின்னங்கள். அந்நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். அதாவது, நாயக்க அரசின் இறுதி நாளோடு இந்நாட்டின் பழமை முடிவுறுகின்றது. பிந்திய கட்டடங்களையும் சிறப்புக் கட்டளை மூலம் பாதுகாப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு எனினும், அவை கோரிப் பெறவேண்டிய தகுதியையே உடையன. இவ்வெல்லையின் விளைவை நோக்குக. குண்டசாலை அரண்மனை காலத்தால் தகுதி பெறும். ஆனால் பாதுகாப்பதற்குக் கட்டடம் இல்லை. லயங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஆனால் காலத்தால் அவை தகுதி பெறா. மலையக மக்களின் வரலாறு முழுவதும் 1815க்குப் பிற்பட்டதாதலால், அவர்களுக்கெனச் சட்டத்தின் இயல்பான பாதுகாப்பைப் பெறும் நினைவுச்சின்னம் ஒன்றும் இருத்தல் இயலாது.

பிற நாடுகளில் இத்துறையில் நிகழ்ந்துவரும் மாற்றம் கருதத்தக்கது. பிரித்தானியாவில் 1895இல் நிறுவப்பட்ட தேசிய நம்பிக்கை நிதியம் நூற்றுக்கணக்கான பெருவீடுகளையும் தோட்டங்களையும் பேணிவருகின்றது. அவ்வீடுகளில் தேநீர்ச்சாலை இன்றியமையாத அங்கம். அந்நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்கள் அடிமை வாணிபத்தோடும் குடியேற்ற ஆட்சியோடும் கொண்டிருந்த தொடர்பை எடுத்துக்கூறியது. அதனால் அந்நாட்டில் பெரும் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. அமெரிக்காவில் தோமஸ் ஜெபர்சன் வாழ்ந்த மொண்டிசெலோவில், அடிமைகளாக வைக்கப்பட்டோரின் குடில்களும் இப்பொழுது மீளக் கட்டப்பட்டுப் பார்வையாளருக்குக் காட்டப்படுகின்றன. பெருவீட்டின் அழகு இவற்றால் குறைந்துவிடவில்லை. அது எவ்வாறு இயன்றது என்பது மாத்திரம் வெளிப்பட்டுள்ளது.

எனினும் நம் நாட்டின் நிலை ஒருவகையில் வேறுபட்டது. மொண்டிசெலோவின் குடில்களில் இன்று எவரும் வாழவில்லை. மலையக லயங்களிலோ மக்கள் இன்றும் வாழ்கின்றனர். காணியுடன் கூடிய தனிவீடு என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. அவ்வாறான வீடுகள் சில பகுதிகளில் கட்டப்பட்டும் வருகின்றன. ஒவ்வொரு லயமும் இடிக்கப்பட்டுத் தனிவீடாவதே நீதி. வரலாற்றின் பொருட்டு ஒரு குடும்பமேனும் ஒழுகும் கூரையின்கீழ் இருத்தப்படலாகாது. லயத்தை வரலாற்று இல்லம் என மதிக்கும் ஆய்வாளன், அது வெகுவிரைவில் மறைதல் வேண்டும் என்றும் விரும்பவேண்டியவனாகின்றான். இம்முரண்பாட்டை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

இதற்கு வழி ஒன்றே உண்டு. கட்டடம் மறையுமுன் அதன் வரலாறு எழுத்தில் ஏறல் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு லயமேனும் ஓல்ட் பீக்கொக்கில் போலப் பேணப்படலாம். ஏனையவற்றின் அளவும் அமைப்பும் வரைபடமாக்கப்படல் வேண்டும். எந்தக் காம்பராவில் எக்குடும்பம் எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்பதை முதியோர் வாய்மொழியாகவே அறியக்கூடும். செக்ரோல் புத்தகங்கள், துண்டுகள், கோயில் திருவிழாக் கணக்குகள், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட உறவினரின் கடிதங்கள் என்பன தகரப் பெட்டிகளில் கரையானுக்கு இரையாகி வருகின்றன. பீலிக்கரை, பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா போன்ற சொற்கள் அவற்றுக்குரிய இடங்கள் மறையும்போது தாமும் மறையும். மலையைச் சூழவுள்ள தோட்டங்களிலிருந்து நம் பல்கலைக்கழகங்களுக்கு வரும் மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகிவருகின்றது. தம் பாட்டியிடம் கேட்டெழுதவல்ல ஆய்வாளரை இதற்குமுன் எந்தத் தலைமுறையும் பெற்றிருக்கவில்லை. இப்பணியைச் செய்தற்குரிய காலமும் ஆளும் ஒருங்கே வாய்த்திருப்பது இப்பொழுதே.

தோட்டங்களையும் பழைய இல்லங்களையும் காணச் செல்லுதல் நல்ல பழக்கமே. அவற்றின் அழகை அனுபவிப்பதிலும் குற்றம் இல்லை. குண்டசாலைக்குச் செல்வோர் மறைந்த அரண்மனையை மகாவலியின் கரையில் மனத்தால் எழுப்பிப் பார்க்கலாம். பேராதனையில் அரசரின் தோட்டத்தையும், ஹந்தானையில் தொழிற்சாலையின் நுட்பத்தையும் கண்டு மகிழலாம். அவ்வழியே இன்னும் சில மைல் சென்று ஒரு லய அறையின் இஸ்தோப்பிலும் நின்று பார்த்தலே வரலாற்று மாணவனுக்குரிய முறை. அங்கு நின்று மேலே நோக்கினால் பங்களாவின் தோட்டம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அறிந்த பின்னரே, அவ்வில்லத்தின் வரலாறு முழுமையாகக் காணப்பட்டது என்று கூறுதல் பொருந்தும்.